குளிர்காற்றில் இருந்து சூடு: வெப்பப் பம்பியும் நாடுகளின் சக்தி இலக்கும்

சுகாதாரக் கூட்டம் ஒன்றுக்காக அண்மையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து ஸ்டோர் பக்கம் நின்று தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தபோது, டிரையர் அடுப்புக்கு விறகு போடும் அண்ணன் ஒருவர் எங்களிடம் ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார். வடை சுற்றி வந்த தாள். எண்ணெய் ஊறி எழுத்து பாதி அழிந்திருந்தது. ஜேர்மனியில் வீடுகளைச் சூடாக்கும் 'வெப்பப் பம்பி' என்ற மெஷின் சம்பந்தமான சட்டத்தால் பெரிய தகராறு என்று அதில் ஒரு செய்தி.

"சேர், குளிர் காத்துல இருந்து சூடு எடுக்கிறாங்களாமே, நெசமா? அப்படின்னா நான் எதுக்கு ராவெல்லாம் விறகு தள்ளி நெருப்புல வேகுறேன்?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. நின்ற இடத்தில் எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும், இங்கே எழுதுகிறோம். கேட்டது அவர் என்றாலும் பதில் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைக்கிறோம்.

நெசம்தானா?

நெசம்தான். ஆனால் நம்புவதற்கு முதலில் ஒன்று விளங்க வேண்டும். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. சூடு குறைவாக இருப்பதைத்தான் நாம் குளிர் என்கிறோம். நுவரெலியாவில் தை மாதம் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும் காலையிலும் காற்றில் சூடு இருக்கிறது. சூடு அறவே இல்லாத நிலை என்றால் அது மைனஸ் 273 பாகை செல்சியஸ். அதோடு ஒப்பிட்டால் நோர்வே நாட்டின் மைனஸ் 10 பாகைக் காற்றுகூட நல்ல சூடான காற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சூட்டை வீட்டுக்குள் கொண்டு வருவது எப்படி? தண்ணீர் எப்போதும் பள்ளத்துக்குத்தான் ஓடும். அதேபோல் சூடும் சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் மேட்டு லயத்துக்கு வர வேண்டுமென்றால் பம்பி வைக்கிறோம் அல்லவா? சூட்டை மேட்டுக்கு ஏற்றவும் ஒரு பம்பி வேண்டும். அதனால்தான் இதற்கு வெப்பப் பம்பி என்று பெயர்.

அது வேலை செய்யும் விதம் நமக்குப் புதியது அல்ல. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் அம்மா கையில் ஸ்பிரிட் தடவினால் அந்த இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது நம் தோலில் இருந்து சூட்டை எடுத்துக் கொண்டு போவதுதான் காரணம். இது ஒரு பக்கம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கி அமுக்கினால் அது சூடாகிவிடும். இது மறு பக்கம். இந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தால் அதுதான் வெப்பப் பம்பி.

குழாய்க்குள் சுற்றுவது சீக்கிரம் கொதிக்கும் ஒரு திரவம். இன்று பல மெஷின்களில் போடுவது புரோப்பேன். நம் சமையல் காஸிலும் இருக்கிற அதே சாமான். அது மைனஸ் 42 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்படியானால் மைனஸ் 10 பாகைக் குளிர்காற்று அதற்கு ஒரு அடுப்பு மாதிரி. வெளியே இருக்கும் குழாய்ச் சுருளில் அது காற்றின் சூட்டை உறிஞ்சி ஆவியாகும். அந்த ஆவியை ஒரு மோட்டார் அமுக்கும். அமுக்கியதும் அது 50, 60 பாகைக்குச் சூடேறும். சூடேறிய ஆவியை வீட்டுக்குள் கொண்டு போனால், அறைக்கோ தண்ணீருக்கோ சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் திரவமாகிவிடும். பிறகு ஒரு சின்னத் துவாரத்தால் அழுத்தத்தைக் குறைத்து வெளியே அனுப்புவார்கள். மறுபடியும் காற்றில் இருந்து சூடு எடுக்கும். இவ்வளவுதான்.

பிரிட்ஜ் இருக்கும் வீடென்றால் அதன் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். உள்ளே வைத்த மீனில் இருந்தும் பாலில் இருந்தும் எடுத்த சூடுதான் வெளியே வந்திருக்கிறது. ஆக பிரிட்ஜும் ஒரு வெப்பப் பம்பிதான். பிரிட்ஜின் வாயை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்து, முதுகை மட்டும் வீட்டுக்குள் வைத்தால் எப்படியோ, அப்படித்தான் ஐரோப்பாக்காரர் வீட்டைச் சூடாக்குகிறார்கள்.

ஒன்று கொடுத்து மூன்று வாங்குவது

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? தண்ணீர் சூடாக்க நாம் வாளிக்குள் போடும் ஹீட்டர் சுருள் ஒரு யூனிட் கரண்டைத் தின்றால் ஒரு யூனிட் சூடுதான் கொடுக்கும். அதற்கு மேல் அதால் முடியாது. வெப்பப் பம்பியின் மோட்டார் ஒரு யூனிட் தின்றால் வீட்டுக்குள் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு வந்து சேரும். ஒரு யூனிட் மோட்டாருடையது. மற்ற இரண்டும் வெளிக்காற்றில் சும்மா கிடந்தது. அதாவது கரண்ட் என்பது சுமை தூக்கும் கூலி மட்டும்தான், சுமை காற்றுடையது.

சுமை தூக்கியவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். மேடு கூடக் கூட ஒரே சுமைக்கு உழைப்புக் கூடும். வெளியே குளிர் ஏற ஏற, உள்ளே கேட்கும் சூடு உயர உயர, இந்த மெஷினும் அப்படித்தான். வெளியே 7 பாகை, உள்ளே 35 பாகைத் தண்ணீர் போதும் என்றால் ஒன்றுக்கு நான்கு கூடக் கிடைக்கும். வெளியே மைனஸ் 15, உள்ளே 60 பாகை வேண்டும் என்றால் ஒன்றுக்கு இரண்டு கிடைப்பதே பெரிய காரியம். இந்த மேட்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள். கடைசியில் நம் ஸ்டோருக்கு வரும்போது இதுதான் தேவைப்படும்.

இந்த யோசனை நேற்று வந்தது அல்ல. 1856 ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியா நாட்டில் எபன்சே என்ற இடத்தில் பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியியலாளர் ஒரு வெப்பப் பம்பி அமைத்தார். எதற்குத் தெரியுமா? உப்புக் காய்ச்ச. உப்புத் தண்ணீரை வற்றவைக்க மலைமலையாக விறகு எரிந்து கொண்டிருந்தது. அந்த விறகை மிச்சம் பிடிக்க, விழுகிற ஆற்றுத் தண்ணீரின் பலத்தைக் கொண்டு நீராவியை அமுக்கி, அதன் சூட்டையே திரும்பப் பயன்படுத்திப் பார்த்தார். விறகும் விழுகிற தண்ணீரும். நம் மலைநாட்டுக்குப் பழக்கமான இரண்டு சாமான்கள்.

பின்னர் 1938 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்தை ஆற்றுத் தண்ணீரில் இருந்து எடுத்த சூட்டால் சூடாக்கினார்கள். நிலக்கரி வெளிநாட்டில் இருந்து வர வேண்டிய நாடு அது. கையில் இருந்ததோ ஆறும் நீர்மின்சாரமும்தான்.

காற்றின் சூட்டை எப்படிக் கணக்கில் எழுதுவது?

இப்போது இலக்கு விஷயத்துக்கு வருவோம். எண்ணெய், நிலக்கரி, காஸ் எல்லாம் எரித்தால் தீர்ந்து போவன, புகையும் கூடியவை. வெயில், காற்று, ஆறு, திரும்ப நட்டு வளர்க்கும் மரம் ஆகியவை தீராதவை. இவற்றைப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்கிறோம். 2020 ஆம் ஆண்டுக்குள் தாங்கள் பாவிக்கும் மொத்தச் சக்தியில் 20 வீதம் இப்படித் தீராத சக்தியாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் சட்டம் போட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி இலக்கு. சுவீடனுக்கு 49 வீதம். ஒன்றியம் முழுவதுமாக 2020 இல் இலக்கைத் தாண்டி ஏறக்குறைய 22 வீதத்துக்கு வந்தது. 2023 இல் சட்டத்தைத் திருத்தி, 2030 க்குள் 42.5 வீதம் என்று இலக்கை உயர்த்தியிருக்கிறார்கள்.

மொத்தச் சக்தி என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்சாரம் மட்டும் அல்ல. வாகனம் ஓடுவதும், வீடும் தொழிற்சாலையும் சூடாவதும் இதற்குள் சேரும். ஐரோப்பாவில் பாவிக்கும் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி சூடாக்கவும் குளிராக்கவும்தான் போகிறது. எத்தனை காற்றாலை நட்டாலும், சூரியத் தகடு போட்டாலும், வீட்டு நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன் எரிந்து கொண்டிருந்தால் இலக்கு எட்டாது. வெப்பப் பம்பிக்கு இவ்வளவு மரியாதை வந்தது இதனால்தான்.

அந்த 2009 சட்டம் இன்னொன்றும் சொன்னது: வெப்பப் பம்பி வெளிக்காற்றில் இருந்தும் மண்ணில் இருந்தும் தண்ணீரில் இருந்தும் எடுக்கும் சூடும் புதுப்பிக்கத்தக்க சக்திதான், அதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் முழுவதையும் அல்ல. ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 12,000 யூனிட் சூடு போயிருந்தால், மோட்டார் தின்ற 4,000 யூனிட்டைக் கழித்துவிட்டு, மீதி 8,000 யூனிட்டைத்தான் எழுத வேண்டும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்களே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம், அங்கே எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது சட்டத்தில் எல்லாரும் வாசிக்கக்கூடிய மாதிரி எழுதியிருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வருஷம் முழுவதும் சராசரி பார்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரைக்கு மேல் கொடுக்கும் மெஷினைத்தான் கணக்கில் சேர்க்கலாம். ஏன் அப்படி? கரண்ட் நிலக்கரியில் இருந்து வருகிறது என்று வையுங்கள். 100 பங்கு நிலக்கரிச் சூட்டை எரித்தால் 40, 45 பங்குதான் கரண்டாக வரும். மீதி புகைபோக்கியாலும் குளிர்விக்கும் தண்ணீராலும் வீணாகிப் போகும். அந்த 45 ஐ இரண்டு மடங்காக்கினால் 90. நிலக்கரியை வீட்டிலேயே எரித்திருக்கலாமே! தின்ற எரிபொருளை விடக் கூடுதலாகச் சூடு கொடுத்தால்தான் காற்றில் இருந்து ஏதோ எடுத்தோம் என்று சொல்ல முடியும். கணக்கில் ஏமாற்று நடக்காமல் இருக்க இந்த நிபந்தனை.

நோர்வேயின் காய்ந்த நீர்த்தேக்கம்

நோர்வே ஒன்றியத்தில் சேராத நாடு. ஆனாலும் உடன்படிக்கை மூலம் அதே சட்டத்தை ஏற்றது. அதன் 2020 இலக்கு 67.5 வீதம். அந்த நாட்டின் மின்சாரம் கிட்டத்தட்ட எல்லாமே மலையில் கட்டிய நீர்த்தேக்கங்களில் இருந்து வருகிறது. காசல்ரீ, மவுசாகலை ஓரம் வாழ்கிற நமக்கு அது விளங்காத காட்சி அல்ல. கரண்ட் மலிவாகக் கிடைத்ததால் அங்கே வீடுகளை வெறும் மின் ஹீட்டரால் சூடாக்கினார்கள். ஒன்று கொடுத்து ஒன்று வாங்கும் வழி.

2002 இல் இலையுதிர் காலத்து மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் இறங்கின. அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் விலை எகிறியது. பில்லைப் பார்த்து மக்கள் திகைத்துப் போனார்கள். 2003 தொடக்கத்தில் அரசாங்கம் வீட்டுக்காரருக்கு வெப்பப் பம்பி வாங்க மானியம் கொடுத்தது. பெரிய மெஷின் எல்லாம் இல்லை. ஒரு பெட்டி வெளியே, ஒரு பெட்டி உள்ளே, பார்த்தால் நம் ஊர் வங்கிகளில் இருக்கும் ஏ.சி. மாதிரி. அதே தண்ணீர், அதே கரண்ட், ஆனால் சூடு இரண்டு மூன்று மடங்கு. நீர்த்தேக்கத்தை உயர்த்திக் கட்டாமலே அதில் தண்ணீர் கூடினமாதிரி. இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வெப்பப் பம்பி ஓடுகிறது. 2020 முதல் வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதற்குத் தடையும் வந்துவிட்டது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருட்டில் இருந்த நமக்கு இந்தக் கதையின் அருமை தெரியும்.

சுவீடனின் பாதை இவ்வளவு நேரானது அல்ல. 1973 எண்ணெய் நெருக்கடி வரைக்கும் அங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்கியது இறக்குமதி எண்ணெய். நெருக்கடி வந்ததும் அரசாங்கம் வெப்பப் பம்பிக்குப் பணம் கொடுத்தது. 1980 களின் தொடக்கத்தில் ஆளாளுக்கு மெஷின் செய்தார்கள், ஆளாளுக்குப் பூட்டினார்கள். வேலை தெரியாதவர்கள் பூட்டிய மெஷின்கள் பழுதாகின. எண்ணெய் விலை இறங்கியதும், மானியம் நின்றதும், வியாபாரம் படுத்துவிட்டது. வெப்பப் பம்பி என்றால் ஏமாற்று வேலை என்ற பெயரும் வந்துவிட்டது.

அந்தக் கெட்ட பெயரை மாற்றியது ஒரு போட்டி. 1990 களின் நடுப்பகுதியில் அரச நிறுவனம் ஒன்று, இருக்கிற மெஷினைவிடத் திறமை கூடியதும் விலை குறைந்ததுமாகச் செய்து காட்டுங்கள், வாங்க ஆள் நாங்கள் தருகிறோம் என்று கம்பனிகளை அழைத்தது. வந்த மெஷின்களைச் சோதனைச்சாலையில் ஓட்டிப் பார்த்து, பெறுபேற்றை எல்லாருக்கும் தெரியப்படுத்தியது. அத்தோடு 1991 இல் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கரிவரி போட்டிருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததும் ஜனங்களுக்கு நம்பிக்கை திரும்பியது. இன்று எண்ணெயால் சூடாகும் வீட்டை சுவீடனில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 49 வீத இலக்கைக் காலத்துக்கு முன்பே தாண்டிவிட்டார்கள். வெப்பப் பம்பி மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டோம். மரக்கழிவு, ஆறு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பம்பி இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது.

ஸ்டொக்ஹோம் நகரத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நகரத்துக் கழிவுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கடலில் விடுவதற்கு முன், ஹம்மர்பி என்ற இடத்தில் பெரிய வெப்பப் பம்பிகள் அதில் இருந்து சூட்டை எடுத்து, மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புகின்றன. குளித்து, துவைத்து, கழுவிவிட்ட தண்ணீரின் சூடு சுற்றிக் கொண்டு திரும்ப அதே வீட்டுக்கு வருகிறது!

ஜேர்மனியில் என்ன தகராறு?

அண்ணனின் வடைத்தாளில் இருந்தது இதுதான். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் குழாயில் வரும் காஸ். 2022 இல் உக்ரேன் யுத்தம் வந்ததும் காஸ் விலை ஏறி, வரத்தும் குறைந்தது. ஜேர்மன் அரசாங்கம் அவசரப்பட்டு, புதிதாகப் பூட்டும் சூடாக்கும் மெஷின் 65 வீதமாவது புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஓட வேண்டும் என்று 2023 இல் சட்டம் கொண்டு வந்தது. வருஷத்துக்கு 5 இலட்சம் வெப்பப் பம்பி பூட்டுவது நோக்கம். ஆனால் வயதான பென்சன்காரர், சின்ன வீட்டுக்காரர், வாடகை வீட்டில் இருப்பவர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: செலவு யார் தலையில்? சட்டத்தைத் திருத்தினார்கள், மானியத்தைக் கூட்டினார்கள். ஆனால் பயம் போகவில்லை. 2023 இல் ஏறக்குறைய 3,56,000 விற்றது, 2024 இல் 2 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2025 இல் வந்த புதிய அரசாங்கம் அந்தச் சட்டத்தையே மாற்றப் போவதாகச் சொன்னது.

பிரித்தானியா 2028 இல் வருஷத்துக்கு 6 இலட்சம் என்று இலக்கு வைத்தது. 2023 ஒக்டோபரில் இருந்து ஒரு வீட்டுக்கு 7,500 பவுண் மானியமும் கொடுக்கிறது. அப்படியிருந்தும் 2024 இல் விற்றது ஒரு இலட்சத்தை எட்டவில்லை. காரணம் எளிய கணக்கு. அங்கே ஒரு யூனிட் கரண்டின் விலை ஒரு யூனிட் காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. பம்பி ஒன்றுக்கு மூன்று கொடுத்தாலும் விலை நான்கு என்றால் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் நட்டம்தான். அத்தோடு ஜன்னல் இடுக்காலும் கூரையாலும் சூடு ஒழுகும் பழைய செங்கல் வீடுகள். ஒழுகுகிற பானையில் தண்ணீர் நிரப்புகிற கதை.

எங்களுக்குத் தோன்றுவது என்னவென்றால், நோர்வேக்காரர் ஜேர்மன்காரரைவிடப் புத்திசாலிகள் இல்லை. நோர்வேயில் பம்பி பூட்டியவருக்கு முதல் மாதமே பில் குறைந்தது. ஜேர்மனியில் முதல் மாதம் கடன்தான் கூடியது. நாட்டின் இலக்கு கடைசியில் அந்தப் பில்லில்தான் போய் நிற்கிறது.

நம் ஸ்டோருக்கு வருமா?

முதலில் லயத்தைப் பார்ப்போம். காம்பராவைச் சூடாக்க நமக்கு வெப்பப் பம்பி தேவையில்லை. ஓட்டைத் தகரத்தை மாற்றி, சுவரில் ஏறும் ஈரத்தை நிறுத்தினால் பிள்ளைகளின் இருமலில் பாதி குறையும். தோட்ட ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் போன்ற இடங்களில் சுடுதண்ணீருக்கு இது நல்லது. நம் ஊரில் வெளிக்காற்று மைனஸ் இல்லை, 15, 20 பாகை. மேடு குறைவு, ஆகவே கூலியும் குறைவு. ஹீட்டர் சுருள் தின்பதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும்.

ஸ்டோரில்தான் கணக்கு சுவாரசியமாகிறது. தேயிலை செய்வது என்பது பெரும்பாலும் கொழுந்தில் இருந்து தண்ணீரைப் போக்குவதுதான். நாலரைக் கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை. அந்தத் தண்ணீர் இரண்டு கட்டமாகப் போகிறது. வாட்டும்போது கொஞ்சம், டிரையரில் மிச்சம்.

வாட்டும் தொட்டிக்குப் பெரிய சூடு கூடாது. 30 பாகையைச் சுற்றிய, காய்ந்த காற்று வேண்டும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வாட்டம் இழுபடும், அப்போது அடுப்புச் சூட்டைக் கலந்து விடுவார்கள். வெப்பப் பம்பிக்கு இது கைவந்த வேலை. அதன் குளிர்ந்த சுருளில் காற்றை மோதவிட்டால் காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அப்படி. ஈரம் போன காற்றை அதே மெஷினின் சூடான சுருளால் திரும்ப அனுப்பினால் கொழுந்து அழகாக வாடும். ஒரே மோட்டாரில் இரண்டு வேலை.

டிரையர் அப்படி அல்ல. அதற்கு 100 பாகைக்கு மேல் சூடான காற்று வேண்டும். மேட்டுக் கணக்கை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். 20 பாகையில் இருந்து 110 பாகைக்கு ஏற்றுவது சிவனொளிபாத மலைக்குச் சுமை ஏற்றுகிற மாதிரி. அவ்வளவு சூடு கொடுக்கும் தொழிற்சாலை மெஷின்களும் ஐரோப்பாவில் வந்திருக்கின்றன. ஆனால் விலை பெரிது. கிடைப்பதும் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டுதான்.

இங்கேதான் இலக்கு விஷயம் நமக்கும் வருகிறது. 2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நம் நாடு இலக்கு வைத்திருக்கிறது. அது மின்சாரத்துக்கு மட்டும் வைத்த இலக்கு, ஸ்டோரில் எரியும் விறகு அதில் வராது. டிரையர் அடுப்பில் எரிவது வெட்டிய இடத்தில் திரும்ப நட்ட மரம் என்றால் அதுவும் புதுப்பிக்கத்தக்க சக்திதான். அதை நிறுத்திவிட்டு, ஒன்றுக்கு இரண்டு கொடுக்கும் மெஷினை நுரைச்சோலை நிலக்கரிக் கரண்டில் ஓட்டினால், மரத்தை விட்டு நிலக்கரிக்குப் போனவர்கள் ஆவோம். ஐரோப்பியச் சட்டத்தின் இரண்டரைக் கணக்கில் அந்த மெஷின் தேறாது. அதே மெஷின் ஆற்றுக் கரண்டில் ஓடினால் கதை வேறு. பல தோட்டங்களில் அந்தக் காலத்திலேயே ஓடைத் தண்ணீரில் டர்பைன் ஓட்டி ஸ்டோரை நடத்தினார்கள். பொதுக் கரண்ட் வந்த பிறகு அவற்றில் பல துருப்பிடித்துக் கிடக்கின்றன. சில இடங்களில் திரும்ப ஓட வைத்தும் இருக்கிறார்கள். முதலில் அந்த டர்பைன், பிறகு வாட்டும் தொட்டிக்கு வெப்பப் பம்பி, டிரையர் கடைசியில் என்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படும் வரிசை.

இன்னொன்று, பிள்ளைகளுக்காக. ஐரோப்பாவில் இந்த மெஷின் பூட்டத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. சுவீடன் ஒருமுறை சூடுபட்டதும் வேலை தெரியாத ஆட்களால்தான். பிரிட்ஜும் ஏ.சி.யும் திருத்தப் பழகிய பிள்ளைக்கு இதில் பாதி தெரிந்த மாதிரி. குளிரூட்டல் வேலைப் பயிற்சிக்குப் போகலாமா என்று சாதாரண தரம் முடித்த பிள்ளை கேட்டால், தடுக்காதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அந்த அண்ணனிடம் கொண்டு போய் வாசித்துக் காட்டினோம். வாட்டும் தொட்டி வரைக்கும் தலையாட்டிக் கொண்டே கேட்டார். டிரையர் வந்ததும், "அப்ப என் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்து இல்ல" என்றார். அது சந்தோஷமா வருத்தமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின் வர்றப்ப வரட்டும் சேர். அது வரைக்கும் அடுப்பு வாசலுக்கு ஒரு தகட்டு மறைப்பும், புகைக்கு முகமூடியும், கைக்கு நல்ல உறையும் கேட்டுக் குடுங்க. நாலு வருஷமா கேக்கிறேன்" என்றார்.

எழுத்தில் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். இதை அச்சுக்கு அனுப்பும் நாள் வரை பதில் வரவில்லை.